கேத்தல் சின்னத்து மெம்பர்

எங்க வீட்டுக்காரர் பிரதேச சபை மெம்பரா இருந்த காலத்த ரெண்டாப் பிரிக்கலாம். எலெக்ஷன்ல தோத்துட்டு மெம்பரா இருந்த காலம் ஒண்ணு, ஜெயிச்சு மெம்பரா இருந்த காலம் இன்னொண்ணு. தோத்த காலத்துல அவரு செஞ்ச வேலைக்கு அளவே இல்ல. ஜெயிச்ச காலத்துல நாலந்தா போற ரோட்டுல ஒரு மதகு பாதி கட்டுனாரு, அதுவும் அடுத்த மழையோட போயிருச்சு. கிண்டலுக்குச் சொல்றதா நெனைக்காதீங்க. கூட இருந்து பார்த்தவ சொல்றேன்.

அந்த மனுஷன் அரசியலுக்குன்னு பொறந்தவரே இல்ல. மாத்தளை டவுன்ல எங்களுக்குச் சரக்குக் கடை. பல்லேபொல பக்கம் வீட்டுத் தோட்டங்கள்ல வெளையிற மிளகு, கிராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கிக் காயவச்சு கொழும்புக்கு அனுப்புறது. ஈர மிளகக் கொண்டாந்து காஞ்ச மிளகுன்னு ஒருத்தர் சொன்னா, கையில அள்ளிப் பார்த்துட்டு, "சரிங்க, காஞ்சதுதான்"ம்பாரு. யாராச்சும் குரல ஒசத்துனா காதத் தடவிக்கிட்டே உள்ள போயிருவாரு. வெளிய வந்து கத்துறது நானு. கடைத்தெருவுல எனக்குத்தான் பயப்படுவாங்க, அவரப் பார்த்துப் பாவம்பாங்க.

அப்பேர்ப்பட்டவர எலெக்ஷன்ல எறக்கினது நான்தான். காரணம் என் மகன்.

எனக்கு ஒரே மகன். எழுபத்தேழு கலவரத்துல எங்க அப்பா அம்மா இருந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு நெருப்பு வச்சதுல, அவங்க உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வடக்க வவுனியாவுக்குப் போயி அங்கயே குடிசை போட்டுக்கிட்டாங்க. தலைப்பிரசவம் தாய் வீட்டுலன்னு என்னையும் அங்க கூட்டிட்டுப் போனாங்க. அதனால மகன் பொறந்த எடம் வவுனியா. அன்னிக்கி அது ஒரு விஷயமாவே தெரியல. பின்னால சண்டை முத்தி, ரோட்டுக்கு ரோடு செக் பொயிண்ட் வந்து, அடையாள அட்டையில பொறந்த ஊரு வடக்கான்னு பார்த்துப் புள்ளைங்கள பஸ்ஸ விட்டு எறக்குற காலம் வந்தப்பதான் எனக்கு வெளங்குச்சு. என் புள்ள அட்டை எடுக்குற அன்னிக்கி அந்த ஊரு பேரும் அதுல ஒட்டிக்கிட்டு வரப்போகுது.

புடிச்சிட்டுப் போன புள்ளைய வெளிய எடுக்கணும்னா, யாராச்சும் பொலிசுக்குப் போயி, "இவன எனக்குத் தெரியும், நல்ல புள்ள, நான் பொறுப்பு"ன்னு சொல்லணும். நம்மள மாதிரி ஆளுங்க போனா கேட்டுலயே நிக்க வேண்டியதுதான். மெம்பர்னா உள்ள விட்டு நாக்காலி போடுவாங்க. எங்க பிரதேச சபையில பேருக்கு ஒரு தமிழ் மெம்பர் கெடையாது. தாய்மாருங்க கேட்டுக்கு வெளிய வெயில்ல உக்காந்து கெடந்தத நான் கண்ணால பார்த்திருக்கேன்.

மகனுக்குப் பதிமூணு வயசு இருக்கும். ஒரு நாள் காலையில மூஞ்சி கழுவிட்டு வந்து நிக்கிறான், மேல் ஒதட்டுல லேசாக் கருப்பு. மத்த தாய்மாருங்க சந்தோஷப்படுவாங்க. எனக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கே அவருகிட்ட சொல்லிட்டேன்: "ஏங்க, இந்த வீட்டுல ஒரு மெம்பர் வேணும். இவன் மீசை பெருசாகுறதுக்குள்ள."

அவரு காதத் தடவுனாரு. "நானா புள்ள?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா?"

கட்சிக்காரங்க யாரும் எங்களுக்கு எடம் குடுக்கல. சரி, சுயேச்சைக் குழுன்னு நின்னுருவோம்னு முடிவு பண்ணோம். பட்டியல் நெரப்பணுமே! என் தம்பி, கடையில மூட்டை தூக்குறவரு, எங்க வீட்டுக்காரருக்கு முடி வெட்டுற அண்ணன், கோயில் பூசாரி, இப்பிடிக் கைக்குக் கெடச்சவங்கள எல்லாம் போட்டோம். முடி வெட்டுற அண்ணன், "நான் ஜெயிச்சிட்டா கடைய யாரு பார்க்குறது?"ன்னு கவலைப்பட்டாரு. நீ ஜெயிக்க மாட்ட, பயப்படாதன்னு நான்தான் தைரியம் சொன்னேன்.

சின்னம் குடுக்குற அன்னிக்கிப் போயிட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாரு.

"என்ன சின்னம்ங்க?"

"கேத்தல்."

"என்னது?"

"தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல், புள்ள."

நான் விழுந்து விழுந்து சிரிச்சதுல அவரு ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டாரு. ஆனா தோட்டத்து சனங்களுக்கு அது சிரிப்பா இல்ல. கேத்தல் இல்லாத லயக் காம்பரா வீடு எங்க இருக்கு? "நம்ம சாமானையே சின்னமாக் குடுத்துட்டான் பாரு கவருமெண்டு"ன்னு பூரிச்சுப் போயிட்டாங்க. அந்த வருஷந்தான் அவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஓட்டே வந்துச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல நாடில்லாதவங்கன்னு கெடந்து, அப்பதான் பிரஜாவுரிமைப் பேப்பர் கெடச்சு, பொறந்ததுல இருந்து மொத மொதல்ல ஓட்டுப் போடப் போறாங்க. அறுவது வயசு ஆளுங்க கல்யாணத்துக்குப் போற மாதிரி முடி வெட்டிக்கிட்டாங்க.

டவுன்ல ஒரு டீக்கடையில ரெண்டு கையாலயும் தூக்க வேண்டிய பெரிய பித்தளைக் கேத்தல் இருந்துச்சு. அத எரவல் வாங்கி, ட்ராக்டர்ல ஏத்தி, மாலை போட்டு, தோட்டம் தோட்டமாக் கொண்டு போனாங்க. இதுல பூசாரி வேற வேட்பாளர். சும்மா இருப்பாரா? ஆயுத பூசைக்குக் தேயிலை கவ்வாத்து வெட்டுற கத்திக்கும் மெசினுக்கும் பொட்டு வைக்கிற மாதிரி, கேத்தலுக்குச் சந்தனம் பூசி நடுவுல பெரிய குங்குமப் பொட்டு வச்சிட்டாரு. அவ்வளவுதான். கேத்தல் வருதுன்னாப் பொம்பளைங்க வாசல் தெளிச்சுக் கோலம் போட ஆரம்பிச்சிட்டாங்க. ஆரத்தி எடுத்தாங்க. புள்ள இல்லாத ஒருத்தி மூக்கு மேல கொழுந்து வச்சுக் கும்பிட்டா. கேத்தலோட மூக்கச் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் கையக் கூப்பிக்கிட்டு ட்ராக்டர்ல நிக்கிறாரு, அவர ஒருத்தரும் பார்க்கல.

பல்லேபொல சிங்கள சனம் கூட வந்து பார்த்துட்டு, "அபே முதலாளி", எங்க முதலாளின்னு சிரிச்சிக்கிட்டே தேயிலைப் பாக்கெட்டு குடுத்தாங்க. ஊரெல்லாம் அவரு பேரச் சொல்லுச்சு. எனக்கு ஜெயிச்சிட்ட மாதிரியே இருந்துச்சு. மகன் மூஞ்சப் பார்ப்பேன், இனி பயமில்லடான்னு நெனச்சுக்குவேன்.

மாதிரி வாக்குச் சீட்டுன்னு ஒண்ணு அச்சடிச்சோம். எல்லாச் சின்னமும் வரிசையா இருக்கும், நம்ம சின்னத்துக்கு நேரே புள்ளடி, அதான் பெருக்கல் குறி, போட்டுக் காட்டியிருக்கும். இப்பிடிப் போடுங்கன்னு சொல்லிக் குடுக்கத்தான். அச்சுக்காரன் அவசரத்துல புள்ளடி போட மறந்துட்டான். கட்டு கட்டா அச்சடிச்சு வந்தாச்சு, என்ன பண்றது? "பேனாவுல போட்டுக்கலாம்"ன்னு எங்க வீட்டுக்காரர் அதப் பூசாரிகிட்ட குடுத்தாரு. பூசாரி பேனாவத் தேடல. மோதிர விரலக் குங்குமத்துல தொட்டு, கேத்தல் மேல ஒரு பொட்டு, கேத்தல் மேல ஒரு பொட்டுன்னு அத்தனையிலயும் வச்சு முடிச்சிட்டாரு. லயத்துக்கு லயம் சாமி படத்துக்குப் பக்கத்துல அதக் கொண்டு போயி ஒட்டினாங்க.

ஓட்டுப் போடுற அன்னிக்கி சனங்க விடியமுன்ன குளிச்சிட்டு, பச்சத் தண்ணி பல்லுல படாம வரிசையில நின்னாங்க. பொம்பளைங்க முந்தானையில என்னமோ முடிஞ்சிருந்தாங்க. வெத்தல பாக்காக்கும்னு நான் கண்டுக்கல. குங்குமம்! மறைப்புக்குள்ள போயி, கயித்துல கட்டித் தொங்க விட்டிருந்த பென்சில ஒருத்தரும் தொடல. கேத்தல் மேல அழகாப் பொட்டு வச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டு, மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு வந்திருக்காங்க. ஏன் பென்சில எடுக்கலன்னு பின்னால ஒரு அக்காகிட்ட கேட்டேன். "அது மத்த சின்னத்துக்காரங்களுக்குன்னு நெனச்சோம்மா"ன்னா.

எண்ணுற எடத்துல நடந்தத அவரு வந்து சொன்னாரு. பெட்டியத் தெறந்தா கோயில் வாசம். சீட்ட விரிக்கிற ஆபிசர்மாருங்க வெரலெல்லாம் செவப்பு. வெறும் பொட்டா இருந்தாக் கூட வாதாடிப் பார்த்திருக்கலாம். ஆனா மடிச்ச மடிப்புல கேத்தல் பொட்டு எதுத்தாப்புல இருந்த சின்னத்துலயும் ஒட்டிக்கிச்சு. ஒரே சீட்டுல ரெண்டு சின்னத்துக்கு ஓட்டு! பெரிய ஆபிசர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் பார்த்தாரு. தொடச்சதுல கண்ணாடியும் செவந்து போச்சு. எல்லாத்தையும் ஒதுக்கித் தனி மேசையில குமிச்சிட்டாங்க. எங்க தொகுதிப் பக்கம் ஜெயிச்ச ஆளு வாங்குனதவிட நிராகரிச்ச ஓட்டுதான் கூட. எங்க கேத்தலுக்குச் செல்லுபடியான ஓட்டு, பல்லேபொல சிங்கள சனம் பென்சில்ல போட்டது மட்டுந்தான்.

வந்து படுத்தவரு போர்வைய விட்டு எந்திரிக்கல. நான் அச்சுக்காரன வஞ்சேன், பூசாரிய வஞ்சேன், கேத்தலயும் வஞ்சேன். பூசாரி வந்து, "அம்மா, பக்தியில கொறையில்லை"ன்னாரு. நல்லா வாயில வந்துச்சு, கோயில்காரராச்சேன்னு அடக்கிக்கிட்டேன்.

ரெண்டு நாளுல வாசல்ல கூட்டம். மாலையோட வந்து நிக்கிறாங்க! தனி மேசையில நம்ம ஓட்ட மட்டும் மரியாதையா வச்சாங்கன்னு யாரோ போயி சொல்லியிருக்காங்க. அதுக்கு அர்த்தம் ஜெயிச்சதுன்னு இவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அவரு போர்வைய வெலக்கிட்டு வந்து, "இல்லப்பா, நான் தோத்து..."ன்னு ஆரம்பிக்கிறாரு, மாலை வந்து வாய மூடிருச்சு. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால ஒரு தாயி தலைய விரிச்சிட்டு ஓடியாந்தா. "மெம்பர் ஐயா, எம் மகனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. வாங்க ஐயா"ன்னு கால்ல விழுந்துட்டா.

அவரு என்னப் பார்த்தாரு. நான் மெம்பர் இல்லன்னு சொல்ல வாயெடுக்குறாரு.

"சட்டையப் போடுங்க"ன்னேன்.

"புள்ள, பொய்யில்லையா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயி நில்லுங்க. மத்தத அவங்க சொல்லிக்குவாங்க."

போனாரு. பின்னால அம்பது பேரு போனாங்க. பொலிஸ்ல ஸ்டேஷன் பொறுப்பாளரு, ஓ.ஐ.சி., எட்டிப் பார்த்திருக்காரு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை, கழுத்துல மாலை, பின்னால கூட்டம். "மந்திரித்துமா, வாங்க"ன்னு எந்திரிச்சு நாக்காலி போட்டிருக்காரு. சிங்களத்துல மெம்பருக்கு அப்பிடித்தான் சொல்வாங்க. இவரு உக்காந்து, "இந்தப் பையன எனக்குத் தெரியும், நல்ல பையன், நான் பொறுப்பு"ன்னு சொல்லியிருக்காரு. அது பொய்யில்ல, தெரியுந்தான். பையன் வெளிய வந்துட்டான்.

அப்பிடி ஆரம்பிச்சதுதான். அதுக்கப்பறம் வாரத்துல ரெண்டு தடவை, மூணு தடவை. நாவுலப் பக்கம் இருந்தெல்லாம் சனம் தேடி வந்துச்சு. நான் அவருக்குப் பழக்கிக் குடுத்தேன்: உள்ள போனதும் நிக்காதீங்க, உக்காருங்க. கைக்குட்டையால நாக்காலியத் தட்டிட்டு உக்காருங்க. கேள்வி கேட்டா ஒடனே பதில் சொல்லாதீங்க, கொஞ்சம் யோசிங்க. காத மட்டும் தடவிறாதீங்க சாமி! மனுஷன் எல்லாம் கத்துக்கிட்டாரு. "நீங்க மெம்பர்தானே?"ன்னு யாராச்சும் நேராக் கேட்டா மட்டும், "சனங்க அப்பிடித்தான் கூப்பிடுறாங்க"ம்பாரு. அதுவும் பொய்யில்லையே.

நெஜ மெம்பர் ஒருத்தரு, பஸ் வச்சிருந்த சிங்களத்து ஐயா, மாத்தயான்னு சொல்வாங்க, விஷயம் தெரிஞ்சு மூக்கு வெடைக்க வீட்டுக்கு வந்தாரு. தோத்த ஆளு மெம்பர்னு திரியிறதா, கேசு போடுவேன்னு கத்துனாரு. நான் ப்ளேன்டீ வச்சுக் குடுத்தேன். பாதி குடிச்சிட்டுக் கொரல எறக்குனாரு. அவரு பஸ் ட்ரைவர் தமிழ்ப் பையன், முந்தா நாளு புடிச்சிட்டாங்களாம். "நான் போனா நாளைக்கி வாங்கன்னு அனுப்புறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்"ன்னாரு. எங்க வீட்டுக்காரர் சட்டையப் போட்டாரு. அன்னியில இருந்து அவரும் "மந்திரித்துமா"ன்னுதான் கூப்பிடுவாரு. ஒரு பொதுக் கெணறு தெறக்க இவர ரிப்பன் வெட்டக் கூப்பிட்டாங்க. ஜெயிச்ச மெம்பருங்க எல்லாம் கை தட்டிட்டு நின்னாங்க, தோத்தவரு வெட்டுனாரு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியாம முந்தானையக் கடிச்சிக்கிட்டேன்.

இப்பிடியே வருஷம் ஓடுச்சு. மகன் அட்டை எடுத்தான். பொறந்த எடம் வவுனியா. அதப் பார்த்தும் நான் பதறல. வீட்டுல ஒரு மெம்பர் இருக்காருல்ல.

அடுத்த எலெக்ஷன் வந்துச்சு. ஒரு பெரிய கட்சிக்காரங்க வீடு தேடி வந்து, எங்க பட்டியல்ல நில்லுங்கன்னாங்க. நான் வேணவே வேணாம்னேன். "நல்லா ஓடிக்கிட்டு இருக்குற வண்டிய எதுக்குங்க கழட்டிப் பூட்டுறீங்க?"ன்னேன். அவரு, "ஒரு தடவையாச்சும் நெஜமா இருந்து பார்க்கணும் புள்ள. ஒவ்வொரு தடவை அந்த நாக்காலியில உக்காரும்போதும் எனக்குக் காலு நடுங்குது"ன்னாரு. அத்தன வருஷம் நடுங்கிக்கிட்டேவா போயிட்டு வந்தாருன்னு எனக்கு அன்னிக்கித்தான் தெரியும். சரி, நில்லுங்கன்னேன்.

சனங்களுக்குத்தான் ஒண்ணும் புரியல. "மெம்பரா இருக்குறவரு எதுக்கு மறுபடி மெம்பருக்குக் கேக்குறாரு?"ன்னு ஒரே கொழப்பம். இருந்தாலும் இந்தத் தடவை நானே லயம் லயமாப் போயி, குங்குமத்த நெத்தியில வைங்க, சீட்டுல பென்சில வைங்கன்னு தொண்டை வத்தக் கத்திட்டு வந்தேன். ஜெயிச்சிட்டாரு. போட்டோ ஒட்டி, சீல் குத்தி மெம்பர்னு ஒரு அட்டையும் குடுத்தாங்க. தலையணைக்கு அடியில வச்சுத் தூங்குனாரு, கொழந்தையாட்டம்.

மூணு மாசம் கூட ஆகல. மகனுக்கு அப்ப பத்தொம்பது. நாவுலப் பக்கம் மிளகு பார்க்கப் போனவன் திரும்பி வரல. அந்த வாரம் கொழும்புல எங்கயோ குண்டு வெடிச்சிருந்துச்சு. பஸ்ஸ நிப்பாட்டி, அட்டையப் பார்த்து, எறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு கண்டக்டர் வந்து சொன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவரு மட்டும் நிதானமா இருந்தாரு. "நான் இருக்கேன்ல"ன்னு சொல்லிட்டுப் புதுசா தச்ச வெள்ளச் சட்டையப் போட்டாரு, பையில அந்த அட்டைய வச்சாரு, போனாரு. எத்தன பேரு புள்ளைங்கள வெளிய எடுத்தவரு! நான் ஒலையில அரிசியக் கூடப் போட்டுட்டேன், புள்ள பசியோட வருவான்னு.

தனியாத்தான் திரும்பி வந்தாரு. படியில உக்காந்து காதத் தடவிக்கிட்டே இருந்தாரு. நான் ஒலுக்கி ஒலுக்கிக் கேட்டதுக்கப்பறம் சொன்னாரு.

ஓ.ஐ.சி. பழக்கமானவருதான். நாக்காலி போட்டிருக்காரு. இவரு அட்டைய எடுத்து மேசை மேல வச்சிருக்காரு. அதப் பார்த்துட்டு அவரு சிரிச்சாராம். "நீங்க தோத்தவர்னு எனக்கு மொதல்ல இருந்தே தெரியும்"ன்னாராம். "தோத்தவருக்கு நான் என்ன செஞ்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க. ஏழை சனத்துக்காக வர்ற மனுஷன், ஒரு நல்ல காரியம்னு செஞ்சேன். இப்ப நீங்க நெஜ மெம்பர். வந்திருக்குறது சொந்த மகனுக்கு. மெம்பர் மகன்னு விட்டுட்டேன்னு மத்தக் கட்சிக்காரன் மேலெடத்துக்கு எழுதுவான். எல்லா அப்பனும் தன் மகன் நல்லவன்னுதான் சொல்வான். உங்க சொந்தம் இல்லாத வேற மெம்பர் யாராச்சும் வந்து பொறுப்பு எடுக்கட்டும். நாளைக்கிச் சாயந்தரம் கொழும்புக்கு ஏத்திருவாங்க, அதுக்கப்பறம் என் கையில இல்ல."

கொழும்புக்கு ஏத்துனா என்னன்னு எங்களுக்குத் தெரியும். ஏத்துன புள்ளைங்க சில பேரு வருஷக் கணக்குல வரல. சில பேரு வரவே இல்ல.

வேற மெம்பருங்க வீட்டு வாசல்ல எல்லாம் போயி நின்னோம். பஸ் மாத்தயா அந்த எலெக்ஷன்ல தோத்து, மகள் வீட்டோட கொழும்புக்கே போயிட்டாரு. மத்தவங்க, "இந்த நேரத்துலயா? கோவிச்சுக்காதீங்க"ன்னு கதவ மெதுவாச் சாத்துனாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அவங்க வீட்டுலயும் புள்ளைங்க இருந்துச்சு. ஊருக்கெல்லாம் ஒரு தமிழ் மெம்பர் இருந்தாரு. எங்களுக்குத்தான் இல்ல.

காலையில நான் எந்திரிச்சு, பக்கத்து வீட்டு சிங்கள டீச்சரம்மாகிட்ட போயி அவங்க வெள்ளச் சேலைய எரவல் வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து நின்னேன். எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு அலறிட்டாரு. "அடியே, நான் இன்னும் சாகலடி!"

"மெம்பர்னா வெள்ளதானேங்க கட்டணும்"ன்னேன்.

பெரிய ஓ.ஐ.சி. அன்னிக்கிக் கண்டியில மீட்டிங்குக்குப் போறாருன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், ஓ.ஐ.சி. எடத்துல இருக்குறது தெற்க காலி டவுன் பக்கம் இருந்து புதுசா வந்த சின்ன ஆபிசர். நான் அந்தப் படிய ஒரு நாளும் மிதிச்சதில்ல, என் மூஞ்சி அங்க யாருக்கும் தெரியாது. சீல் குத்துன அட்டை வச்சிருக்குற நெஜ மெம்பர், ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் த்ரீவீல் ஆட்டோவுக்குள்ள தலையக் குனிஞ்சிக்கிட்டு ஒளிஞ்சு உக்காந்தாரு. ஓட்டே கேக்காத நான் எறங்கி நடந்தேன். லயத்துப் பொம்பளைங்க ஒரு பத்துப் பேரு பேசாம என் பின்னால வந்தாங்க.

உள்ள போனேன். உக்காருங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே உக்காந்தேன். அவரு நடுங்குன நாக்காலிதான். எனக்கு நடுங்கல.

"நீங்க மெம்பரா?"ன்னு அந்தச் சின்ன ஆபிசர் சிங்களத்துல கேட்டாரு.

"ஆமா"ன்னேன். எங்க வீட்டுக்காரர் மாதிரி நழுவல. நேத்து பஸ்ஸ விட்டு எறக்குன பையனுக்காக வந்திருக்கேன்னேன்.

மகனக் கூட்டிட்டு வந்தாங்க. சட்டையில பட்டன் இல்ல. கண்ணு ஒரு பக்கம் வீங்கியிருந்துச்சு. வெள்ளச் சேலையில என்னப் பார்த்ததும் அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சிட்டான் போல, ஒதடு துடிச்சிச்சு. நான் மொறச்சேன். சின்னப் புள்ளையில இருந்து அந்த மொறைப்பு அவனுக்குத் தெரியும். வாய மூடிக்கிட்டான்.

அந்த ஆபிசர் என் மூஞ்சையும் அவன் மூஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாரு. மூக்கு ரெண்டும் ஒரே அச்சு, நான் என்ன பண்ணுவேன்?

"மே கொல்லா ஒயாட்ட கவுத?" இந்தப் பையன் உங்களுக்கு யாருன்னு கேக்குறாரு.

"கவுருவத் நெமெய்"ன்னேன். யாரும் இல்ல. சிங்களத்துல கேட்டதுனால தப்பிச்சேன். தமிழ்ல கேட்டிருந்தா எனக்கு அந்த வார்த்தை வாயில வந்திருக்காது. "தெரிஞ்ச பையன். நல்ல பையன். நான் பொறுப்பு."

அவன் பக்கம் திரும்புனாரு. "இது யாரு?"

என் மகன் தலையக் குனிஞ்சிக்கிட்டே சொன்னான்: "அபே மந்திரித்துமி, சார்." எங்க மெம்பர் அம்மா, சார்.

அந்த மனுஷன் இன்னொரு தடவை எங்க ரெண்டு மூக்கையும் பார்த்தாரு. அப்பறம் கூட்டிட்டுப் போங்கன்னு கையக் காட்டுனாரு. நம்புனாரா, தெரிஞ்சே விட்டாரான்னு எனக்குத் தெரியாது. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

நான் முன்னால நடந்தேன். அவன் பின்னால, தள்ளி, யாரோ ஒருத்தன் மாதிரி வந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசல்ல நின்ன கொன்ஸ்டபிள் சலூட் அடிச்சான், நான் தலைய ஆட்டுனேன். வளைவு தாண்டி த்ரீவீல்ல ஏறுனோம். அவங்க அப்பா அவன் கையப் புடிச்சிக்கிட்டுச் சத்தம் வராம அழுதாரு. வண்டி கெளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவன் என்னப் பார்த்தான்.

"அம்மா, நான் யாரும் இல்லன்னு கண்ணு கூடச் சிமிட்டாம சொன்னீங்களே"ன்னான். கோவமாக் கேக்கல. சும்மாத்தான் கேட்டான்.

முதுகுல ரெண்டு வச்சேன். அப்பறம் அவன் தலையப் புடிச்சு இழுத்து மடியில அமுக்கிக்கிட்டு, ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பார்க்க, அம்மாடா, நான் உன் அம்மாடான்னு தொண்டை கிழியக் கத்துனேன்.